கைக்குள் ஒரு குச்சி: "தொடர்கிறார்கள்" என்ற எண் எதைச் சொல்கிறது?

திருச்சி தெப்பக்குளத்தை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கான சுகாதாரக் கூட்டம் ஒன்று மாலை நேரத்தில் நடந்தது. பேச வந்திருந்த பெண் மருத்துவர் கருத்தடை முறைகளை ஒவ்வொன்றாகப் படம் காட்டி விளக்கினார். லூப், மாத்திரை, ஊசி எல்லாம் முடிந்தன. கடைசியாக, மேற்கையின் உட்புறத்தில் தோலுக்கடியில் வைக்கப்படும் ஹார்மோன் குச்சியைப் பற்றிச் சொன்னார். "இதை வைத்துக்கொண்ட 100 பேரில் 83 பேர் ஓராண்டுக்குப் பிறகும் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு திருப்தி!" என்று பேச்சை முடித்தார்.

பின் வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்றார். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டிப் பிழைப்பவர். மகளை அழைத்துக்கொண்டு 1-ஆம் நம்பர் பஸ்ஸில் வந்திருந்தார்.

"டாக்டரம்மா, அந்த 83 பேரும் பிடிச்சுப்போய் வச்சிருக்காங்களா, இல்லே எடுத்துவிட ஆள் இல்லாம வச்சிருக்காங்களா? எனக்கு அந்தக் காலத்துல லூப் வச்சாங்க. வைக்கறதுக்கு ஒரு நாள்தான் ஆச்சு. எடுக்கறதுக்கு நாலு தடவை நடந்தேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மருத்துவர் சிரிக்கவில்லை. "ரொம்பச் சரியான கேள்விம்மா. இந்தப் படத்துல அதுக்குப் பதில் இல்லே" என்றார்.

படத்தில் இல்லாத அந்தப் பதிலைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கருத்தடைக் குச்சியை நாம் இங்கே பழிக்கப் போவதில்லை. அதற்குப் பாராட்டு விழா எடுக்கப் போவதுமில்லை. அதைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஓர் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு, அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று பார்க்கப் போகிறோம்.

குச்சி எப்படி வேலை செய்கிறது?

இன்று பெரிதும் பயன்படும் குச்சி 4 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ளது. ஒரு தீக்குச்சியை நினைத்துக்கொள்ளலாம்; ஆனால் வளையக்கூடிய பிளாஸ்டிக்கால் ஆனது. அதனுள் எட்டோனோஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் 68 மில்லிகிராம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடலில் மிகுதியாகச் சுரக்கும் புரொஜெஸ்டிரானின் செயற்கை உறவினர் இது. இந்த இனத்தைச் சேர்ந்த மருந்துகளைப் புரொஜெஸ்டோஜென்கள் என்பார்கள்.

குச்சியை வைத்த சில வாரங்களில் நாளொன்றுக்கு 60 முதல் 70 மைக்ரோகிராம் மருந்து இரத்தத்தில் கசிகிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கசிவு மெல்ல மெல்லக் குறைந்து, மூன்றாம் ஆண்டின் முடிவில் 25 முதல் 30 மைக்ரோகிராமாகிறது. அதுவே போதும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி மாதந்தோறும் சூலகத்துக்கு அனுப்பும் "முட்டையை வெளியிடு" என்னும் ஆணை நின்றுபோகிறது. கருப்பை வாயிலுள்ள சளி கெட்டியாகி விந்தணுக்களுக்கு வழி மறிக்கிறது.

இதன் பலன் வியப்பூட்டுவது. கருத்தடை எதுவும் செய்துகொள்ளாத 100 இளம் தம்பதிகளில் ஏறத்தாழ 85 பேருக்கு ஓராண்டுக்குள் கரு உண்டாகும். குச்சி வைத்துக்கொண்ட 1000 பெண்களில் ஓராண்டில் ஒருவருக்குக் கரு உண்டாவதே அரிது. எடுத்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் மருந்து இரத்தத்தில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே முட்டை வெளிவருவது மீண்டும் தொடங்கிவிடுகிறது. குழந்தை வேண்டாம் என்று அல்ல, இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணுக்கு இதைவிட வலுவான முறைகள் மிகச் சிலவே.

உதிரம் ஏன் ஒழுங்கு தப்புகிறது?

இனி மறுபக்கம். குச்சி வைத்துக்கொண்ட பெண்கள் சொல்லும் முதல் குறை, மாதவிடாய் ஒழுங்கு தப்புவது. 11 ஆய்வுகளில் 900-க்கு மேற்பட்ட பெண்களைக் கவனித்துத் தொகுத்த கணக்கு 2008-இல் வெளியாயிற்று. அதன்படி, 90 நாள் கொண்ட ஒரு காலப் பகுதியை எடுத்துக்கொண்டால், 100-இல் சுமார் 22 பேருக்கு உதிரப்போக்கே இல்லை. 34 பேருக்கு எப்போதாவது. 7 பேருக்கு அடிக்கடி. 18 பேருக்கு நீண்ட நாள் நீடித்தது.

இதன் காரணம் விளங்காத மர்மமல்ல. வழக்கமான மாதச் சுழற்சியில் ஈஸ்ட்ரோஜென் கருப்பையின் உட்படலத்தை வளர்க்கிறது. பிறகு வரும் புரொஜெஸ்டிரான் அதைப் பக்குவப்படுத்துகிறது. இரண்டும் ஒருசேர இறங்கும்போது படலம் முழுவதும் கழன்று உதிரமாக வெளியேறுகிறது. குச்சி ஓயாமல் ஒரே மருந்தைக் கசியவிடுவதால் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. படலம் மெலிந்து, அதிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் எளிதில் உடையக்கூடியவையாகின்றன. இங்கொன்றும் அங்கொன்றுமாக உடையும்போது, நாள் கணக்கில்லாமல் உதிரம் கசிகிறது.

ஸ்ரீரங்கத்து வாசகர்களுக்கு இதை இன்னொரு வழியாகவும் விளக்கலாம். வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது, "தள்ளிப்போட மாத்திரை" என்று கேட்டு மருந்துக் கடைக்கு வரும் பெண்கள் உண்டு. பரமபதவாசல் திறக்கும் நாளில் விலக்காகிவிடக் கூடாதே என்ற கவலை. அந்த மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் நார்எதிஸ்டிரோன். அதுவும் புரொஜெஸ்டோஜென் இனத்தைச் சேர்ந்ததே. உண்ணும் வரை உதிரம் வராது. நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் வந்துவிடும். அங்கே சில நாட்களுக்கு, கூடுதலான அளவில், தேதி பார்த்து உண்கிறோம். குச்சியிலோ ஆண்டுக்கணக்கில், மிகச் சிறிய அளவில், இடைவிடாமல் மருந்து செல்கிறது. ஆகவே தேதி நம் கையில் இல்லை.

மருத்துவ நூல்கள் இந்தக் கசிவைப் பெரும்பாலும் "தீங்கற்றது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. உயிருக்குத் தீங்கற்றது என்பது மெய்தான். ஆனால் பழைய வழக்கங்களை விடாத ஒரு வீட்டில், உதிரம் பட்ட நாள் என்றால் கோயில் இல்லை, பூஜை அறை இல்லை, சில வீடுகளில் அடுப்பங்கரையும் இல்லை. மூன்று நாள் என்று வீட்டார் பழகியிருந்த விலக்கு பதினைந்து நாளாக நீண்டால், அவள் படும் பாட்டை எந்த ஆய்வுப் படிவத்தில் எழுதுவது? விலக்கு வழக்கமே தேவையற்றது என்று நாம் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் அந்த வாதம் வெல்லும் வரை அவள் அந்த வீட்டில்தான் வாழ்ந்தாக வேண்டும். திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டும் கூடத்தில் நாள் முழுதும் சக்கரத்தின் முன் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இது வேறு வகைத் தொல்லை. சரியான கழிப்பறை இல்லாத இடத்தில், முன்னறிவிப்பில்லாமல் வரும் உதிரத்தை அவள் எப்படிச் சமாளிப்பாள்?

தலைவலி, முகப்பரு, எடை கூடுதல், மனச் சோர்வு ஆகியவையும் சிலருக்கு உண்டு. மருந்துகளிடையே மோதலும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபின் முதலியவையும் கல்லீரலை முடுக்கிவிட்டு, குச்சியின் ஹார்மோனை விரைவாக அழித்துவிடுகின்றன. அப்போது குச்சி இருந்தும் கரு உண்டாகலாம். காசநோய் மலிந்த நம் நாட்டில் குச்சி வைக்குமுன் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி இது.

83 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கூட்டத்தில் காட்டிய 83 கற்பனை எண் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 9000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் கிடைத்தது. எல்லாக் கருத்தடை முறைகளும் அங்கே இலவசம்; பிடிக்காவிட்டால் வேறு முறைக்கு மாறுவதும் இலவசம். குச்சியைத் தேர்ந்தெடுத்தவர்களில் 83 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் தொடர்ந்தனர். மாத்திரையைத் தேர்ந்தெடுத்தவர்களில் தொடர்ந்தவர்கள் 55 சதவீதமே. மூன்றாண்டு முடிவில் குச்சியின் எண் 56-ஆக இறங்கிற்று. பிரசாரப் படங்களில் 83 மட்டும் இருக்கும், 56 இராது. இது முதற் குறை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 83-ஐயும் 55-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மாத்திரையைவிடக் குச்சிதான் பெண்களுக்குப் பிடித்திருக்கிறது" என்கிறார்கள். அப்படிச் சொல்லலாமா? மாத்திரையைத் தொடர ஒரு பெண் நாள்தோறும் முடிவெடுக்க வேண்டும். சோம்பினால், மறந்தால், கடை மூடியிருந்தால், தொடர்ச்சி அறுந்துவிடும். குச்சி அதற்கு நேர்மாறு. தொடர்வதற்கு எதுவும் செய்யவேண்டாம். நிறுத்துவதற்குத்தான் முயற்சி வேண்டும். மாத்திரையில் சோம்பல் "நிறுத்தியவர்" கணக்கில் சேர்கிறது. குச்சியில் அதே சோம்பல் "தொடர்பவர்" கணக்கில் சேர்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி நியாயமாகும்?

மேலும், மாத்திரையை நிறுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை. மூன்று மாத ஊசியின் வலு நாளடைவில் தானே தீர்ந்துவிடும். குச்சியை நிறுத்தவோ இன்னொருவர் கை வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் 2, 3 மில்லிமீட்டர் கீறி, பழகிய கையால் வெளியே எடுக்கவேண்டும். ஆழமாகப் போய்விட்ட குச்சியாக இருந்தால் வேலை இன்னும் கடினம். ஆகவே, குச்சியின் தொடர்ச்சி விகிதம் பெண்ணின் விருப்பத்தை மட்டும் அளப்பதில்லை. எடுத்துவிடக் கூடியவர் அருகில் இருக்கிறாரா, அவர் எடுத்துவிட இசைகிறாரா என்பதையும் சேர்த்தே அளக்கிறது. ஸ்ரீரங்கத்து அம்மாள் கேட்டது இதைத்தான்.

ஒரு சிறு கணக்கு

மாணவர்களுக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட கணக்கு.

ஓர் ஊரில் 100 பெண்களுக்குக் குச்சி வைக்கிறார்கள். ஓராண்டுக்குள் 20 பேர் வந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். 10 பேருக்கு எடுக்கப்படுகிறது. மற்ற 10 பேரிடம், "இன்னும் மூன்று மாதம் பாருங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இவர்களைத் தவிர, 15 பேர் மறு பரிசோதனைக்கு வரவே இல்லை. குடிபெயர்ந்தார்களோ, வேறிடத்தில் எடுத்துக்கொண்டார்களோ, தெரியாது.

தொடர்பவர் எத்தனை சதவீதம்? எடுக்கப்பட்ட 10 பேரை மட்டும் கழித்தால் 90. வராத 15 பேரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு, மீதமுள்ள 85-இல் பார்த்தால் 75 பேர் தொடர்கிறார்கள். அதாவது 88 சதவீதம். வராதவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று கொண்டால் 75. கேட்டும் எடுக்கப்படாத அந்த 10 பேரையும் கழித்து, விரும்பித் தொடர்பவர்கள் என்று உறுதியாகச் சொல்லக் கூடியவர்களை மட்டும் எண்ணினால் 65.

பெண்கள் அதே 100 பேர். கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. ஆனாலும் விடை 65 முதல் 90 வரை நகர்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்டு எண்ணினார்கள் என்று தெரியாவிட்டால், விடையை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்யமுடியாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. முன்பு சொன்ன 11 ஆய்வுகளின் தொகுப்பிலேயே ஒரு புதிர் இருக்கிறது. உதிரப்போக்கின் காரணமாகக் குச்சியை எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்க, ஐரோப்பிய மையங்களில் 14.4 சதவீதம்; தென்கிழக்கு ஆசியா முதலிய பிற மையங்களில் 3.7 சதவீதம். குச்சியும் ஒன்று, மருந்தும் ஒன்று. ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது? உடலமைப்பு காரணமாக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளும் பழக்கம் காரணமாக இருக்கலாம். "எடுத்துவிடுங்கள்" என்று மருத்துவரிடம் சொல்லத் துணியாமை காரணமாக இருக்கலாம். துணிந்து சொல்லியும் திருப்பி அனுப்பப்பட்டது காரணமாக இருக்கலாம். 3.7 என்ற எண்ணைப் பார்த்து, "ஆசியப் பெண்களுக்கு இம்முறை நன்றாகவே ஒத்துப்போகிறது" என்று ஒருவர் எழுதிவிட முடியும். அவர் நான்கு காரணங்களில் தமக்கு இசைந்த ஒன்றையே எடுத்துக்கொண்டார் என்பதுதான் அதன் பொருள்.

வரலாறு என்ன சொல்கிறது?

இந்த ஐயத்துக்கு வரலாற்றில் நிறைய ஆதாரம் உண்டு. முதலில் புழக்கத்துக்கு வந்த குச்சி நார்ப்ளாண்ட். நியூயார்க்கின் பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்பில் ஷெல்டன் சீகலும், சிலி நாட்டின் ஹொராசியோ குரொக்சாட்டோவும் அதை உருவாக்குவதில் முன்னின்றனர். ஒன்றல்ல, ஆறு சிலிக்கோன் குழாய்கள். ஒவ்வொன்றிலும் 36 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல். 1983-இல் பின்லாந்தும் 1990 டிசம்பரில் அமெரிக்காவும் அதற்கு அனுமதி தந்தன.

அனுமதி கிடைத்த அடுத்த மாதமே, கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, குழந்தைகளை அடித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணுக்கு, சிறைக் காலத்துக்குப் பின் நார்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி, சில மாநிலங்களில் குச்சியை வைப்பதற்குப் பணம் தந்தது; காலத்துக்கு முன் எடுக்க வேண்டுமென்றால் மருத்துவக் காரணம் கேட்டது. ஆறு குழாய்களையும் தழும்புத் திசுவிலிருந்து தேடி எடுப்பது பல மருத்துவர்களுக்குக் கைவரவில்லை. வழக்குகள் குவிந்தன. 2002-இல், அங்கே அதை விற்றுவந்த நிறுவனம் இனி விற்பதில்லை என அறிவித்தது.

பங்களாதேஷில் 1985-இல் நார்ப்ளாண்ட் சோதனை தொடங்கிற்று. எடுத்துவிடக் கேட்ட பெண்களின் அனுபவத்தையே பொருளாகக் கொண்ட ஆய்வு ஒன்று 1994-இல் வெளிவந்தது. கேட்ட முதல் தடவையே எல்லோருக்கும் எடுத்துவிடப்படவில்லை என்பதை அது பதிவு செய்தது. அப்படித் திரும்பிப் போனவர்கள், அந்த மாதக் கணக்கில் எந்தப் பத்தியில் இருந்திருப்பார்கள்? "தொடர்பவர்" பத்தியில்தான்.

நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-களில் நார்ப்ளாண்டின் இரு குச்சி வகையைப் பல மையங்களில் சோதித்தது. ஐந்தாண்டுப் பயன்பாட்டின் அறிக்கை 1993-இல் வெளியாயிற்று. நாட்டின் குடும்பநலத் திட்டத்தில் நார்ப்ளாண்ட் சேர்க்கப்படவில்லை. அதே 80-களில், நார்எதிஸ்டிரோன் எனந்தேட் என்னும் இரண்டு மாதக் கருத்தடை ஊசி ஆந்திராவில் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள படான்செருவில் முகாம் வைத்துப் போடப்பட்டபோது, அது ஒரு சோதனை என்பதே பெண்களுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை என்று ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பினர் கண்டனர். தில்லியின் சஹேலி முதலிய அமைப்பினருடன் சேர்ந்து 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். அவ்வழக்கு 2000-இல்தான் முடிவுற்றது. அவர்கள் எழுப்பிய கேள்வி மருந்தின் வேதியியலோடு நிற்கவில்லை. இதை ஏற்றுக்கொண்ட பெண்ணுக்கு எல்லாம் தெரியுமா, வேண்டாம் என்று சொல்லும் வழி அவளுக்கு இருந்ததா என்று கேட்டார்கள்.

முன்கூட்டியே சொன்னால் என்ன ஆகும்?

பக்க விளைவுகளைச் சொன்னால் பெண்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற எண்ணம் சில ஊழியர்களிடம் உண்டு. உண்மை அதற்கு மாறானது. சீனாவில் 1996-இலும் மெக்சிகோவில் 2001-இலும் வெளியான இரு ஆய்வுகள், மூன்று மாத ஊசி போட்டுக்கொண்ட பெண்களை இரு பிரிவாக்கிப் பார்த்தன. ஒரு பிரிவினருக்கு உதிரப்போக்கு எப்படி மாறும், ஏன் மாறும் என்று முன்பே விரிவாகச் சொல்லப்பட்டது. மறு பிரிவினருக்கு வழக்கமான பேச்சு மட்டும். ஓராண்டுக்குள் நிறுத்தியவர்கள் சீனாவில் முறையே 11, 42 சதவீதம். மெக்சிகோவில் 17, 43 சதவீதம். மருந்து மாறவில்லை, உதிரமும் ஒழுங்குபடவில்லை, சொன்ன சொல் ஒன்றே வேறுபாடு. எதிர்பார்த்திருந்த தொல்லை நோயாகத் தெரிவதில்லை.

நம் நாட்டில் நிலை என்ன? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், கருத்தடை முறையைப் பயன்படுத்தும் பெண்களில் தம் முறையின் பக்க விளைவுகள் பற்றி எப்போதாவது தமக்குச் சொல்லப்பட்டது என்றவர்கள் 100-க்கு ஏறத்தாழ 62 பேர்தான். மற்றவர்கள் தொல்லை வந்த பின்பே அறிந்துகொண்டவர்கள்.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. வைக்குமுன் விளக்கிச் சொல்வது அறிவூட்டல். எடுத்துவிடக் கேட்டு வந்தவளிடம் மீண்டும் மீண்டும் "விளக்கி"த் திருப்பி அனுப்புவது தடுப்பு வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டிவிட்டால், இரண்டுமே தொடர்ச்சி விகிதத்தை உயர்த்தும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

எதிர்ப்பவர்களுக்கும் ஒரு சொல்

இவ்வளவும் சொன்னதால், "ஹார்மோன் என்றாலே விஷம்" என்பவர்களின் பக்கம் நாம் சாய்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம். அவர்கள் வாதத்திலும் ஓட்டை உண்டு. பக்க விளைவை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை அவர்கள் சொல்வதில்லை. வேண்டாத கர்ப்பம், அடுத்தடுத்த பேறு, கருக்கலைப்பு, இரத்தசோகை ஆகியவையும் பெண்ணின் உடல்மீதுதான் விழுகின்றன. குச்சியின் பக்க விளைவுகளால் அவதிப்படுபவர் பலர். உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது.

நம் மாநிலத்தின் நிலையையும் பாருங்கள். அதே 2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் 0.1 சதவீதம். மாத்திரை, ஊசி போன்றவை பெயரளவுக்கே. இரண்டு குழந்தை பெற்று இருபத்தைந்து வயதுக்குள் ஆபரேஷன் முடித்துக்கொள்வது என்பதைத் தவிர வேறு வழியையே காணாத பெண்கள் நம்மிடையே மிகுதி. ஆபரேஷனைத் திருப்ப முடியாது என்றே கொள்ளவேண்டும், குச்சியைத் திருப்பலாம். அந்த வகையில் குச்சி ஒரு நல்வரவு. ஆனால் திருப்பலாம் என்பதுதான் அதன் சிறப்பு என்றால், திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சிறப்பு எங்கே நிற்கும்?

என்ன கேட்கவேண்டும்?

2023-இல் இந்திய அரசு இந்த ஒற்றைக் குச்சியை அரசு மருத்துவமனைகள் வழியே சில மாநிலங்களில் படிப்படியாகத் தொடங்க முடிவெடுத்தது. ஆகவே இக்கேள்விகள் இனி ஏட்டளவில் நிற்கப்போவதில்லை.

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். தொடர்ச்சி விகிதம் என்று எங்கே எண் அச்சிட்டாலும், அதன் பக்கத்தில் வேறு மூன்று எண்களையும் அச்சிடவேண்டும். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்ட நாளுக்கும் எடுத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? திரும்பி வராமலே போனவர்கள் எத்தனை பேர்? இம்மூன்றையும் எண்ணப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். எண்ண மனம் வேண்டும், அவ்வளவுதான். இம்மூன்றும் இல்லாத 83-ஐத் திருப்தியின் அளவு என்று ஏற்கவேண்டியதில்லை. இம்மூன்றும் சேர்ந்து வந்தால், 70 என்ற எண்கூட மதிப்புள்ளதாகும்.

குச்சி வைத்துக்கொள்ள எண்ணும் பெண்ணும் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். என்ன மருந்து, எத்தனை ஆண்டுக்கு? வைத்த தேதியும் எடுக்கவேண்டிய தேதியும் எழுதிய அட்டை தருவார்களா? உதிரம் அதிகமானால் எங்கே வரவேண்டும்? கசிவைச் சிறிது காலம் கட்டுப்படுத்த மருந்துகள் உண்டு. அவை அங்கே கிடைக்குமா? காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து உண்பதைச் சொல்லிவிட்டோமா? எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்துவிடத் தெரிந்தவர் இங்கே எந்தெந்த நாளில் இருப்பார்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் குச்சியை வைத்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

அன்றைய கூட்டம் கலைந்தபோது, ஸ்ரீரங்கத்து அம்மாளின் மகள் மருத்துவரிடம் தனியே போய் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு குழந்தை. அடுத்ததற்கு மூன்று ஆண்டு போகட்டும் என்று நினைக்கிறாளாம். மருத்துவர் அவளிடம் குச்சியைப் பற்றி முதலிலிருந்து சொன்னார், உதிரக் கசிவை முன்வைத்து. பிறகு ஒரு தாளில், எடுத்துவிடும் வசதி உள்ள இடத்தையும் கிழமைகளையும் எழுதிக் கொடுத்தார். அம்மாள் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மடித்து மகளின் கையில் கொடுத்தார். "இதைத் தொலைச்சிடாதே. வைக்கறதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்" என்றார்.